ரிஃபைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹெவி மெட்டல் கேள்வி – பதில்

2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. அடுத்த பதினேழாம் நாள், ஜூலை 22, அதன் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் மறைந்தார். இந்தச் செய்திகளை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

பல வருடங்களாகக் கர்நாடக இசை கேட்கிறேன். மகன் போடும் மெட்டல் பாட்டு எனக்கு வெறும் இரைச்சலாகவே காதில் விழுகிறது. எங்கிருந்து தொடங்கினால் பிடிபடும்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

முதலில் செல்போன் ஸ்பீக்கரை விடுங்கள். கிதாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் ஸ்பீக்கர் இவ்வளவு கீழே இறங்காது. மெட்டலில் கட்டுமானமெல்லாம் கீழ் ஸ்தாயியில்தான் நடக்கிறது. அது போய்விட்டால் சிம்பல் சத்தமும் கத்தலும்தான் மிஞ்சும். நடுத்தர விலை ஹெட்போன் போதும், மிதமான ஒலியளவு போதும்.

முதல் பாட்டாக பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில் (1970 பிப்ரவரி 13) வரும் முதல் பாட்டைக் கேளுங்கள். குழுவின் பெயரேதான் பாட்டின் பெயரும். மழை, சர்ச் மணி, பிறகு மூன்றே ஸ்வரம்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்யமம். பஞ்சமத்தை எதிர்பார்க்கும் காது, அதற்கு அரை ஸ்வரம் கீழேயே நிறுத்தப்படுகிறது. மொத்தப் பாட்டும் அந்த ஏமாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. பேஸ் வாசித்த கீஸர் பட்லர், இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'கோள்கள்' தொகுப்பில் வரும் செவ்வாய்ப் பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் கிதார் வாசித்த டோனி ஐயோமிக்கு இந்த ரிஃப் கிடைத்தது.

ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிதார் சொற்கட்டு. கீர்த்தனையில் பல்லவி போல மொத்தமும் அதில்தான் தொங்கும். வரிகளைப் பிடிக்க முயலாதீர்கள். குரலைத் தேடிப் போவதால்தான் பலர் முதல் நிமிடத்திலேயே கழன்றுகொள்கிறார்கள். ஒரே பாட்டை நான்கு முறை கேளுங்கள். முதல் முறை ரிஃப் மட்டும். அதை வாயால் முனகிக் காட்ட வந்துவிட வேண்டும். இரண்டாம் முறை பேஸ் அதையே வாசிக்கிறதா, விலகிப் போகிறதா என்று பாருங்கள். மூன்றாவது டிரம்ஸ். குரல் கடைசியில். பிறகு அயர்ன் மெய்டனின் 'ஹாலோட் பி தை நேம்' (1982), மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986). எட்டு நிமிடத்துக்கும் மேலே ஓடும் இந்த இரண்டாவது பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, இரண்டு கிதார்கள் சுத்தமான நாதத்தில் மெல்லப் பேசிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. உங்கள் காது அங்கே நிச்சயம் நிற்கும்.

மெட்டலின் வேர் ப்ளூஸ் என்கிறார்கள். பி.பி. கிங்கையும் கேட்கிறேன், ஸ்லேயரையும் கேட்கிறேன். ஒற்றுமை எதுவும் தெரியவில்லையே?
– வாசகர், மதுரை

நடுவில் பத்துப் பதினைந்து வருடம் நடந்ததைத் தாண்டிக் குதித்தால் தெரியாதுதான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் கலைஞர்கள் அதிகம் கையாளும் ஐந்து ஸ்வர வரிசை, நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களேதான்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதில் பிரதி மத்யமத்தையும் ஒரு சாயலாகச் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல். முந்தைய பதிலில் சொன்ன பிரதி மத்யமம் இங்கே ஏற்கெனவே இருந்தது. ப்ளூஸ் அதைத் தொட்டுவிட்டுப் போகும், ஐயோமி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வித்தியாசம் அவ்வளவுதான், விளைவு பெரிது.

அடுத்தது ஒலி. லிங்க் ரே 1958இல் 'ரம்பிள்' பதிவுக்காக ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் கிழித்தார். சிகாகோவின் மின்கிதார் ப்ளூஸை, குறிப்பாக மடி வாட்டர்ஸையும் வில்லி டிக்சனையும், பிரிட்டிஷ் இளைஞர்கள் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணினார்கள். கூடவே எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள். லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' (1969), டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய ஒரு பாட்டிலிருந்து வரிகளை எடுத்திருந்தது. டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார், 1987இல் சமரசம் ஆனது. மெட்டலின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த இடத்தை விழுங்கிவிடக் கூடாது.

பிறகு நடந்தது கழித்தல். பன்னிரண்டு பார் ப்ளூஸ் சுற்று போனது, அதன் இடத்தில் ரிஃப் வந்தது. தாளத்தின் ஊஞ்சலாட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. சபாத்தின் டிரம்மர் பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பழைய பதிவுகளில் அடிகள் இன்னும் ஆடுகின்றன, நடக்கவில்லை. அதே பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட், 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980) வாக்கில் ஆட்டத்தை முழுதாக நேராக்கிவிட்டது. ப்ளூஸ் சாயல் அங்கே ஏறக்குறைய துடைக்கப்பட்டுவிட்டது. ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) வெறும் 29 நிமிட ஆல்பம். அதில் ஸ்கேலே உதறப்பட்டு அரை ஸ்வர நகர்வுகள் மட்டும் மிஞ்சுகின்றன.

ஐரோப்பிய செவ்வியல் இசை பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. டீப் பர்ப்பிளின் 'ஹைவே ஸ்டார்' (1972) பாட்டில் ரிச்சி பிளாக்மோர் வாசிக்கும் தனி, செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் பாணி கார்ட் வரிசையின் மேல் கட்டியது. ரேண்டி ரோட்ஸ், இங்வே மால்ம்ஸ்டீன் அந்த வழியில் போனார்கள். 'மெட்டல் என்பது வேகமாக வாசித்த பாக்' என்று சிலர் பெருமை பேசுவது மிகை. தனி வாசிப்பில் பாக் இருக்கலாம், ரிஃபில் இருப்பது மிஸிஸிப்பி ப்ளூஸ்.

டோனி ஐயோமிக்கு விரல் போனதால்தான் மெட்டல் பிறந்தது என்பது உண்மையா, விளம்பரமா?
– லேத் பட்டறைத் தொழிலாளி, கோயம்புத்தூர்

விபத்து உண்மை. 1965இல், பதினேழு வயதில், தகடு வெட்டும் ஆலையில் வேலையின் கடைசி நாளன்று வலதுகையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. அவர் இடதுகைக்காரர்; அதாவது தந்தியை அழுத்தும் கை அது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலையின் ஃபோர்மன் கொண்டுவந்து கொடுத்தார். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி கடையில் கிடைக்காததால் பேஞ்சோ தந்திகளை மாட்டினார்.

தந்தியை மூன்று அரை ஸ்வரம் இறக்கியது 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில். கணக்கு இது: தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்று அரை ஸ்வரம் இறங்கினால் அதிர்வெண் 84 சதவீதம் ஆகும், இழுவிசை 71 சதவீதம்தான் இருக்கும். நுனி இல்லாத விரலுக்கு முப்பது சதவீதம் சுமை குறைவு. கூடவே ஒலியும் கனத்தது.

முழுக் காரணம் அதுவே என்றால் மட்டும் ஒப்ப முடியாது. சபாத்தின் முதல் ஆல்பம் சாதாரண ஸ்ருதியிலேயே வாசிக்கப்பட்டது, அதுவே மெட்டல்தான்.

நீங்களும் இறக்கிப் பார்க்க விரும்பினால், 10–46 செட்டை (எண்கள் தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்கு) அப்படியே இறக்காதீர்கள். தந்தி தொளதொளத்து ஃபிரெட்டில் மோதும், பலமாக மீட்டினால் ஸ்ருதி மேலே ஏறி இறங்கும். பழைய விறைப்பு வேண்டுமானால் தந்தி சுமார் 1.19 மடங்கு தடிக்க வேண்டும். 12–54 அல்லது 12–56 செட் சரியாக வரும். தடித்த தந்தி கழுத்து முனையிலுள்ள நட் பள்ளத்தில் இறங்காமல் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பள்ளத்தை அரம்கொண்டு அகட்ட வேண்டும். கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி வரும் ஸ்வரமும் அதே இடத்தின் ஹார்மானிக்கும் ஒன்றாக இருக்கும்வரை பிரிட்ஜ் சேடிலை நகர்த்துங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் சேடில் பின்னே போக வேண்டும்.

மெட்டல் கிதாரில் மேஜர், மைனர் கார்டுகளை விட்டுவிட்டு 'பவர் கார்ட்' மட்டும் வாசிப்பது சோம்பேறித்தனம் இல்லையா?
– பொறியியல் மாணவர், சேலம்

இல்லை, இயற்பியல். பவர் கார்ட் என்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த இணை. டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது, இரண்டு ஸ்வரங்களை அப்படியே பெருக்குவதில்லை. அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புது ஸ்வரங்களாகச் சேர்த்துவிடும். சட்ஜம் 82 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 123 என்று வையுங்கள். கழித்தால் 41: அதே சட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. வாசிக்காத மந்திர சட்ஜம் தானாக வந்து நிற்கிறது. பவர் கார்டின் கனம் அதுதான். கூட்டினால் 205, அது கிட்டத்தட்ட அந்தர காந்தாரம். மீட்டாத காந்தாரம் நிழலாகக் கேட்பது இதனால்தான்.

இப்போது காந்தாரத்தை நிஜமாகவே வாசியுங்கள். அடித்தந்தியில் சாதாரண காந்தாரம் 98 ஹெர்ட்ஸ், கழித்தால் 16. அது ஸ்வரமாகக் காதில் விழாது, வினாடிக்குப் பதினாறு முறை அடிக்கும் கரகரப்பாகத்தான் விழும். அதே காந்தாரத்தை இரண்டு ஸ்தாயி மேலே வாசித்தால் தெளிவாகக் கேட்கும். ஆகையால்தான் அயர்ன் மெய்டனின் இரட்டைக் கிதார்கள் ஆளுக்கொரு ஸ்வரமாக, தனித்தனி ஆம்ப்பில், மேல் ஸ்தாயியில் காந்தார இடைவெளியில் போகின்றன. ஒரே ஆம்ப்பில் இரண்டையும் நுழைத்தால் அந்த அழகு கூழாகிவிடும்.

சட்ஜம்–பிரதி மத்யம இணையை 'சாத்தானின் இடைவெளி' என்று சொல்லி மத்தியகாலத் திருச்சபை தடைசெய்ததாமே?
– வாசகர், நாகர்கோவில்

அப்படி ஒரு தடை இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. பாடுவதற்குக் கடினம் என்பதால் பழைய இசை இலக்கணங்கள் தவிர்க்கச் சொன்னது மட்டும் உண்மை. 'இசையில் சாத்தான்' என்ற லத்தீன் சொற்றொடர் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்க இசை நூல்களில்தான் காணப்படுகிறது.

மெட்டல் பாட்டுகளில் ராகச் சாயல் அடிக்கடி கேட்கிறது. பிரமையா?
– இசை ஆசிரியை, யாழ்ப்பாணம்

பிரமை இல்லை. ஆனால் அங்கே கேட்பது ஸ்வர வரிசை மட்டும்; கமகமும் பிடிப்புகளும் இல்லாமல் அதை ராகம் என்று சொல்ல மாட்டோம். வரிசை அளவில் பொருத்தம் துல்லியமானது. அயர்ன் மெய்டனின் பெரும்பாலான மெல்லிசை, நடபைரவி (மேளகர்த்தா எண் 20) ஸ்வரங்கள். மால்ம்ஸ்டீனின் பாய்ச்சல்கள் கீரவாணி (21). ரெயின்போவின் 'கேட்ஸ் ஆஃப் பாபிலோன்' (1978) முதலான 'கீழைத்தேய' வாசனைப் பாட்டுகள் வகுளாபரணம் (14). த்ராஷ் என்ற அதிவேக மெட்டல் ரிஃப்களில் சட்ஜத்தை ஒட்டியே சுத்த ரிஷபம் இடிக்கும். அது ஹனுமத்தோடியின் (8) ஸ்வரம். ஒரு விந்தை: மெட்டலில் அடிக்கடி வரும் லோக்ரியன் வரிசைக்கு மேளகர்த்தாவில் இடமே கிடையாது, ஏனென்றால் அதில் பஞ்சமம் இல்லை, இரண்டு மத்யமங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

மெஷுக்காவின் தாளத்தைப் போட முயன்றால் கை தடுமாறுகிறது. என்ன தாளம் அது?
– மிருதங்கம் பயில்பவர், தஞ்சாவூர்

ஸ்வீடன் மெட்டல் குழுவான மெஷுக்காவின் தாளம் பெரும்பாலும் சாதாரண நான்குதான். நீங்கள் கிதாரைப் பின்தொடர்வதால் தடுமாறுகிறீர்கள். டிரம்மர் தோமாஸ் ஹாகேயின் வலது கை சிம்பலைப் பிடியுங்கள். நீங்கள் தொடையில் போடும் தாளம் அங்கே மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். காலும் கிதாரும் வேறொரு நீளத்தில் சுற்றும்.

உதாரணக் கணக்கு: நான்கு பார், பாருக்கு 16 அட்சரம், மொத்தம் 64. ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம். இதற்குள் 9 அட்சர ரிஃப் ஏழு முறை போனால் 63, மிச்சம் 1. ஸ்வீடன்காரர்கள் அந்த ஒன்றில் ரிஃபின் முதல் அடியை மட்டும் வாசித்து, அங்கேயே வெட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நம் கோர்வையின் நியாயம் வேறு. அதே 64ஐ 20 + 2 + 20 + 2 + 20 என்று பிரித்து, கார்வைகளால் நிரவி, எடுப்பில் கொண்டுபோய் இறக்குவோம். அவர்கள் மிச்சத்தை வெட்டுகிறார்கள், நாம் பங்கிட்டுக் கொடுக்கிறோம். வெட்டுவதால்தான் அந்த இசையில் தரை திடீரென்று நழுவும் உணர்வு வருகிறது. கணக்கு சுகமாக முடிந்தால் அவர்களுக்கு வேலைக்காகாது.

'ரேஷனல் கேஸ்' (2002) பாட்டில் தொடங்குங்கள். முதலில் சிம்பலோடு சேர்ந்து கை போட்டுக்கொண்டே கேளுங்கள். அது தானாக ஓடத் தொடங்கிய பிறகு, ரிஃபை மட்டும் வாயால் சொற்கட்டாகச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வாரம் போதும்; கிதார் பயில்பவர்கள் திணறுவார்கள்.

வீட்டில் ஆம்ப் வைக்க இடமில்லை. கிதாரை லேப்டாப்பில் செருகி வாசித்தால் வண்டு ரீங்காரம் போலக் கேட்கிறது. என்ன கோளாறு?
– வாசகர், தாம்பரம்

மூன்று கோளாறாக இருக்கலாம், பெரும்பாலும் மூன்றுமே இருக்கும்.

ஒன்று, மைக் துளையில் செருகியிருப்பீர்கள். கிதார் பிக்கப்புக்கு எதிரே சுமார் ஒரு மெகா ஓம் உள்ளீடு வேண்டும். மைக் துளையில் அது மிகக் குறைவு, மேல் ஸ்தாயி செத்துப்போகும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிதாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கி, அதில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பொத்தானை அழுத்துங்கள். பலமாக அடிக்கும்போது அளவு −12 டெசிபெல் அருகே நின்றால் போதும்.

இரண்டு, மென்பொருளில் ஆம்ப் போட்டு கேபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) விட்டிருப்பீர்கள். வண்டுச் சத்தத்துக்குக் காரணம் இதுதான். கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷனைக் கேட்கவே முடியாது. ஆம்புக்குப் பின்னால் கேபினட் ஐ.ஆர். (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) ஒன்றைச் சேருங்கள், இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன.

மூன்று, கெயினை (டிஸ்டார்ஷனின் அளவு) பத்தில் வைத்து மிட்டை (நடு ஸ்தாயி) பூஜ்யத்தில் வைப்பது. தனியாக வாசிக்கும்போது மிரட்டலாக இருக்கும். டிரம்ஸ், பேஸ் சேர்ந்ததும் கிதார் காணாமல் போகும். கெயின் 5–6, மிட் 5–7. பதிவுகளில் கேட்கும் கனம், ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடது வலமாகப் பிரித்து வைப்பதால் வருவது, கெயினால் வருவதில்லை. ஒரு பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் ஒட்டினால் பலிக்காது. இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள மயிரிழை வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது.

இதற்குப் பிறகும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. மூன்று முனை பிளக்கும் நல்ல எர்த்தும் உள்ள சுவர்ப்பலகைக்கு மாறுங்கள்.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வாசித்தால் ஒரு நிமிடத்தில் முழங்கைக்குக் கீழே இறுகிவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

அந்த வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ ஏழு அடி, அத்தனையும் கீழ்நோக்கி. முழங்கையால் அடிக்கிறீர்கள், மணிக்கட்டால் அடியுங்கள். பிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும், அதன் நுனி தந்திக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. உள்ளங்கை ஓரம் சரியாக பிரிட்ஜ் சேடில் மேல் அமரட்டும். முன்னே நகர்ந்தால் ஸ்வரம் செத்து 'டக் டக்' மட்டும் வரும், பின்னே போனால் தந்தி திறந்து அலறும். மெட்ரோனோமில் 120இல் தொடங்கி, இரண்டு நிமிடம் தளராமல் வந்தால் மட்டும் நான்கு நான்காக ஏற்றுங்கள். இறுக்கம் வந்ததும் நிறுத்துங்கள். வலியோடு ஓட்டினால் தசைநாண் வீங்கும், மாதக்கணக்கில் கிதாரைத் தொட முடியாது.

உறுமல் குரலில் பாடினால் தொண்டை கெடுமா?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

கத்தினால் கெடும். முறையான உறுமலில், குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க் குரல் நாண்கள் என்ற மடிப்புகள்தான் முக்கியமாக அதிர்கின்றன. ரஷ்யாவின் துவா பகுதியிலுள்ள கார்கிரா என்ற அடித்தொண்டைப் பாட்டிலும் இவைதான். கனமான எதையோ தூக்கும்போது வரும் முக்கலைச் சத்தமில்லாமல் செய்து பாருங்கள், மூடிக்கொள்வது அந்த இடம். அதை லேசாக மட்டும் மூடி, வயிற்றிலிருந்து சீராகக் காற்றை விட வேண்டும். சரியாக வந்தால் சத்தம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. பெரிதாக்குவது மைக்கின் வேலை. முதல் சில வாரங்கள் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கூச்சம் அல்லது எரிச்சல் வந்தால் அன்றைக்கு முடிந்தது. பேச்சுக்குரல் கரகரத்து இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தமிழர்கள் யாராவது இந்தத் துறையில்?
– வாசகர், கோலாலம்பூர்

உங்கள் பக்கத்து ஊரிலேயே. சிங்கப்பூரின் ருத்ரா, 1992இல் தொடங்கியது, பேஸும் குரலும் கதிர். உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டலில் உபநிடதக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் கொண்டுவந்து, 'வேதிக் மெட்டல்' என்று ஒரு பாணிக்கே பெயர் வரக் காரணமானவர்கள்.

முதன்முதலாக மெட்டல் கச்சேரிக்குப் போகிறேன். காதுக்கு என்ன பாதுகாப்பு?
– வாசகி, சென்னை

85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். மேடை அருகே அதற்கு மேலேயே இருக்கும். பஞ்சு பயன்படாது, மேல் ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் மறைக்கும். இசைக்கலைஞர்களுக்கான சிலிகோன் காதடைப்பான் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் ரிஃப் தெளிவாகவே கேட்கும். நுரை வகைதான் கிடைத்தால், உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருங்கள். ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் முன்னால் நிற்காமல், ஒலிக் கலவைப் பலகை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். பொறியாளர் அங்கே கேட்டுத்தான் சமன் செய்கிறார், அரங்கத்திலேயே நல்ல ஒலி கிடைக்கும் இடமும் அதுதான்.